பரிசேயரும் நன்றி சொன்னார்

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. திருவழிபாட்டு ஆண்டு புதிதாகப் பிறந்த அன்று காலை நம் ஆலயங்களில் லூக்கா நற்செய்தியின் இருபத்தோராம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, அதனால் மக்கள் கலங்கி நிற்பது ஆகியவற்றைச் சொல்லும் பகுதி அது. முந்திய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. அதன் மழை அன்று முழுவதும் திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்தது. மாலையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரின் மேட்டுப் பகுதியில் இருந்த வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறார். உடல்களை மீட்டெடுக்கவே நாள்கள் ஆயின.

அதற்குப் பின் வந்த வாரத்தில் ஒரு செபக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். அது எந்த ஊர், எந்தப் பங்கு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றப் பங்கினர் அனைவரும் "அது எங்கள் பங்கு அன்று" என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவர். பாடல்களுக்குப் பின் சாட்சியம் பகரும் நேரம் வந்தது. மலையடிவாரத்தில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் எழுந்து நின்றார். பாறை உருண்ட ஓசையைத் தாம் கேட்டதாகவும், குடும்பத்தோடு முழந்தாளிட்டுச் செபித்ததாகவும், ஆண்டவர் அப்பாறையைத் தம் வீட்டுப் பக்கம் வரவிடாமல் தடுத்தாட்கொண்டதாகவும் கண்ணீர் மல்கச் சொன்னார். அல்லேலூயா முழங்கிற்று. கைகள் தட்டப்பட்டன. நாமும் தட்டினோம்.

வீடு திரும்பும் வழியில்தான் கை கூசிற்று. ஆண்டவர் இந்தப் பக்கம் தடுத்தார் என்றால், அந்தப் பக்கம் யார் தள்ளியது?

இக்கேள்வி நாத்திகர் கேட்கும் கேள்வி என்று சிலர் முகம் சுளிக்கலாம். இதனை முதலில் எழுப்பியவர் நம் ஆண்டவரே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். எருசலேமில் சீலோவாம் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி அவர்தம் நாவிலேயே வருகிறது. மாண்டவர்கள் மற்ற எருசலேம் மக்களைவிடக் குற்றம் மிகுந்தவர்களா என்று அவர் கேட்கிறார். இல்லை என்று அவரே விடையும் தருகிறார். தப்பியவர்களை நோக்கி, நீங்கள் புண்ணியம் செய்தவர்கள், நன்றிப் பலி செலுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. மனம் மாறுங்கள் என்றார். கோபுரம் விழுந்த ஊரில், விழாத கூரையின் கீழ் நிற்பவனுக்கு ஆண்டவர் தந்த ஒரே அறிவுரை அது.

அதே லூக்கா நற்செய்தியில் இன்னோர் இடம் உண்டு. கோவிலுக்கு இருவர் இறைவேண்டல் செய்யச் செல்கின்றனர். ஒருவர் பரிசேயர், மற்றவர் வரிதண்டுபவர். இவ்விருவருள் நன்றி சொன்னவர் யார்? வரிதண்டுபவர் நன்றி சொல்லவே இல்லை. மார்பில் அறைந்துகொண்டு இரக்கம் கேட்டார், அவ்வளவே. நன்றி சொன்னவர் பரிசேயர். கடவுளை அழைத்து, முறைப்படி, நிமிர்ந்து நின்று நன்றி சொன்னார். மற்ற மனிதரைப் போல் தாம் இல்லை என்பதே அவர் நன்றிக்குப் பொருள். இறைவனுக்கு ஏற்புடையவராய் வீடு திரும்பியவர் அவர் அல்லர் என்பது நாம் அறிந்ததே. ஆண்டுதோறும் இவ்வுவமையைக் கேட்கிறோம். தாழ்ச்சியைப் பற்றிய மறையுரையையும் கேட்கிறோம். தள்ளுபடியான அந்த மன்றாட்டு ஒரு நன்றி மன்றாட்டு என்பதை மட்டும் எவரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. பிறனோடு ஒப்பிட்டு, அவன் இழந்ததைத் தன் ஆதாயமாய் எண்ணிச் சொல்லும் நன்றி, எவ்வளவு கண்ணீரோடு வந்தாலும், பரிசேயரின் நன்றியே.

"அப்படியானால் ஆபத்தில் தப்பியவன் வாய்மூடி இருக்கவேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டா. திருப்பாடல்கள் ஆபத்தில் தப்பியோரின் நன்றிக் குரலால் நிறைந்தவை. வேளாங்கண்ணியில் வெள்ளியாலான கையும் காலும் கண்ணும் காணிக்கையாய்க் குவிந்திருப்பதைக் கண்டு நகைப்பவர்களுள் நாம் இல்லை. அவற்றின் பின்னே எத்தனை தாய்மாரின் உறங்கா இரவுகள் உள்ளன என்பதை அறிவோம். நாளிதழ்களின் வரி விளம்பரங்களுக்கு நடுவே, கேட்ட வரம் கிடைத்ததற்காகப் புனித யூதா ததேயுவுக்கு நன்றி தெரிவிக்கும் இரண்டு வரிகளைக் காணும்போதும் அதனை விடுத்தவரின் மனம் நமக்குப் புரிகிறது. நாம் குறை சொல்வது வேறொன்றை. நன்றி என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டதே, அதனை. வேலை கிடைத்தால் நன்றி, விசா கிடைத்தால் நன்றி, தேர்வில் தேறினால் நன்றி. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு எழுதுவதுபோல் இறைவனுக்குக் கணக்கு ஒப்பிக்கிறோம். கேட்டது கிடைக்காத நாள்களில் பற்றுச்சீட்டுக்கு வேலை இல்லை. ஓர் ஆண்டில் அத்தகைய நாள்கள் முந்நூறுக்குக் குறையா. அம்முந்நூறு நாளும் நாம் நம்பிக்கையற்றவர்களாகவே வாழ்கிறோமா?

குணமடைந்த தொழுநோயாளர் பதின்மருள் ஒருவரே திரும்பி வந்தார், அவரும் சமாரியர். இப்பகுதியைப் படிக்குந்தோறும் நமக்கு வேலூரை அடுத்த கரிகிரி நினைவுக்கு வரும். நம் வட ஆர்க்காட்டுப் பகுதி தொழுநோயின் கொடுமையை நெடுங்காலம் அனுபவித்த மண். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை நிறுவப்பட்டது. அம்மண்ணில் உழைத்தவர்களுள் ஒருவர், 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த ஆங்கிலேய மறைப்பணியாளர் மகன், அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், அதனால் என்ன? தொழுநோயாளரின் விரல்கள் நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், உண்மை அதுவன்று என்று காட்டியவர் அவர். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை. வலி தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குகிறது, வலி தெரியாத கால் முள்ளோடு நடக்கிறது. இரவில் எலி வந்து விரலைக் கடித்தாலும் உறங்குபவர் விழிப்பதில்லை. ஆகவே புண், ஆகவே ஊனம். வலி ஒரு கொடை என்பதே அம்மருத்துவரின் வாழ்நாள் முடிவு. 1993இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே, எவரும் விரும்பாத கொடை என்று அதனைக் குறித்தார்.

எந்தச் செபக் கூட்டத்திலாவது, "இன்று காலை முள் குத்தியது, வலித்தது, ஆண்டவருக்கு நன்றி" என்று ஒருவர் சாட்சி சொல்லக் கேட்டதுண்டா? சிரிப்போம். கரிகிரியில் யாரும் சிரிக்கமாட்டார்.

திருவண்ணாமலைக்கே திரும்புவோம். பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவி ஆன்ரி ல சோ, 1948இல் தமிழகம் வந்தவர், மறுஆண்டே அருள்தந்தை மொன்சானினுடன் இரமண மகரிசியைக் காண இவ்வூருக்கு வந்தார். 1950இல் இருவரும் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினர். அபிசிக்தானந்தா என்ற பெயர் பூண்ட அவர், 1952 முதல் சில ஆண்டுகள் அவ்வப்போது அண்ணாமலைக் குகைகளில் வந்து தங்கித் தவமிருந்தார். அவருடைய இறையியலைப் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. அது இங்கு வேண்டா. நம்மைத் தொடுவது வேறு. கல்வியும் மடத்தின் பாதுகாப்பும் உடைய ஐரோப்பியத் துறவி ஒருவர், அயல் சமயத்து எளிய மக்கள் இட்ட உணவை வாங்கி உண்டு இம்மலைமேல் வாழ்ந்தார். அடுத்த வேளை யார் கையிலிருந்து வரும் என்று அறியாதவனுக்கு ஒவ்வொரு கவளமும் வரமாகிறது. நமக்கோ மூன்று வேளையும் தட்டு நிரம்புகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்று நெற்றியில் சிலுவை இடுகிறோம். கண்ணை மூடி இறைவனுக்கு நன்றி சொல்கிறோம். கண்ணைத் திறந்ததும், "குழம்பில் உப்பு இல்லை" என்கிறோம். அடுப்படியில் வேர்த்து நிற்பவளைக் கடந்து எந்த வானத்துக்குப் போயிற்று அந்த நன்றி?

வீரமாமுனிவர் தமிழில் பெருங்காப்பியம் செய்யப் புகுந்தபோது தலைவராய் யாரைத் தேர்ந்தார் என்று எண்ணிப் பாருங்கள். அரசரை அல்லர், மறைச்சாட்சியை அல்லர், தச்சர் சூசையை. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூடப் பேசாத மனிதர் அவர். அவருக்கு மூவாயிரத்தறுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள்! இழைப்புளி பிடித்த கையில் காப்பியத்துக்கு உரிய பொருளைக் கண்டவர் அம்முனிவர். அவர் வழிவந்த நமக்கோ மின்கம்பத்தில் ஏறுபவரும் பால் கறப்பவரும் சாட்சியத்துக்கு உரியவர்களாய்த் தோன்றுவதில்லை.

பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் இம்மலையை வலம் வருகின்றனர். பதினான்கு கிலோமீட்டர், பலர் வெறுங்காலோடு. அவர்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. இத்தனை தொலைவை நம்முள் எத்தனை பேர் நடப்போம் என்று கேட்டுக்கொள்வது போதும். நாம் காட்ட விரும்புவது மறுநாள் விடியலை. காகிதக் குவளைகள், இலைகள், பொட்டலத் தாள்கள், நெகிழிப் பைகள். அவற்றினூடே கைவண்டியும் துடைப்பமுமாய்த் தூய்மைப் பணியாளர்கள். சூரியன் ஏறுமுன் சாலை மீண்டும் சாலையாகிறது. பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அதன்மேல் நடந்து போகின்றனர். திருப்பலிக்குப் போகும் நாமும் நடக்கிறோம். அச்சாலையைத் தந்தவருக்குப் பீடத்தில் நன்றி சொல்லிவிட்டு, அதனைப் பெருக்கியவர் தண்ணீர் கேட்டால் எந்தக் குவளையில் கொடுக்கிறோம்? ஆலயத்திலேயே பாருங்கள். அதிகாலை மணி அடித்து, கதவு திறந்து, மெழுகுதிரி ஏற்றி, திருவிழாவன்று சப்பரத்துக்குப் பின்னால் நடுநிசிவரை நிற்கும் கோவில்பிள்ளைக்கு நாம் தரும் மாதச் சம்பளத்தைச் சொல்லக் கூசாத பங்குப் பேரவைகள் எத்தனை? உபகாரிகளின் பெயர்களைப் பளிங்கில் பொறிக்கிறோம். அப்பளிங்கைத் துடைப்பவரின் பெயர் பலருக்குத் தெரியாது.

நற்கருணை என்று நாம் அழைக்கும் அருளடையாளத்துக்குக் கிரேக்கத்தில் வழங்கும் பெயரின் பொருள் நன்றி செலுத்துதல் என்பதே. அந்நன்றி சொல்லப்பட்ட இரவு எத்தகையது? காட்டிக்கொடுப்பவன் பந்தியிலேயே அமர்ந்திருந்தான். விடிந்தால் சிலுவை. எந்தப் பாறையும் அவருக்காகத் தடுக்கப்படவில்லை. அவ்விரவில் அப்பத்தை எடுத்தார், நன்றி கூறினார், பிட்டார், கொடுத்தார். நன்றிக்கும் பிட்டுக் கொடுத்தலுக்கும் நடுவே அவர் இடைவெளி விடவில்லை.

2024 டிசம்பர் 13 அன்று அண்ணாமலை உச்சியில் தீபம் ஏறிற்று. மண்சரிவின் காரணமாக அவ்வாண்டு பக்தர்கள் மலையேறத் தடை. இரண்டு நாள் கழித்துத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றைய இரண்டாம் வாசகம், சிறையிலிருந்து பவுல் பிலிப்பியருக்கு எழுதியது. எதற்கும் கவலை வேண்டா, நன்றியோடு உங்கள் விண்ணப்பங்களைத் தெரிவியுங்கள் என்கிறார் திருத்தூதர். இத்தோடு நின்றிருந்தால் நம் செபக் கூட்டங்களுக்கு மிக வசதியாக இருந்திருக்கும். நற்செய்தி வாசகம் விடவில்லை. நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானைக் கேட்கின்றனர். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும், உணவு உள்ளவரும் அவ்வாறே செய்யட்டும் என்கிறார் அவர். வரிதண்டுபவர்களும் படைவீரர்களும்கூடக் கேட்கின்றனர். யாரையும் தொழிலை விட்டுப் பாலைநிலத்துக்கு வா என்று அவர் அழைக்கவில்லை. அவரவர் தொழிலிலேயே அநீதி செய்யாதிருக்கச் சொல்கிறார்.

முன்னே குறிப்பிட்ட சகோதரரைப் பின்னொரு நாள் தெருவில் சந்தித்தோம். சாட்சியத்தைப் பற்றி நம் மனக்குறையைச் சொல்லவேண்டும் என்று எண்ணியிருந்தோம். பேச்சுவாக்கில் தெரியவந்தது: மண் சரிந்த அன்றிரவு, மேட்டில் இருந்து பதறி ஓடிவந்த இரண்டு குடும்பங்களைத் தம் ஓட்டு வீட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது பேர், நான்கு நாள். அவர் மனைவி கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து அரிசி வாங்கினாராம். அவர்களுள் யாரும் கிறித்தவர் அல்லர். "இதைக் கூட்டத்தில் சொல்லவில்லையே?" என்று கேட்டோம்.

"இது என்ன சாட்சிங்க ஐயா, சோறுதானே போட்டோம்" என்றார் அவர்.