ஓட்டுத் துண்டுக்கும் ஒரு சங்கம் வேண்டும்

யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில், எங்கள் மண்கும்பானில் மலசலகூடக் குழி வெட்டினாலும் பானை ஓடு வரும். பெரும்பாலும் அது பாட்டி காலத்துச் சட்டிதான். எப்போதாவது இளம்பச்சை மெருகு பூசிய பீங்கான் துண்டொன்றும் வரும். நான் வரலாறு படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டால், "அங்கால, பனையடியில சேர்" என்பார்கள். எந்தப் பனை? எங்கள் தீவில் பனைக்கா பஞ்சம்!

எடுத்த இடமும் ஆழமும் தெரியாவிட்டால் அந்த ஓட்டுத் துண்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. அவை தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பக்கத்து அல்லைப்பிட்டி காட்டுகிறது. 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் அங்கே கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை ஆராய்ந்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகக் குழு, இலங்கையின் மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து அதே ஊரில் அகழ்ந்தது. வந்தவை வட சோங் அரசர் காலத்து ஓடுகள். பல குவாங்டொங் பக்கத்துச் சூளைகளில் சுட்டவை.

அருகிலுள்ள நயினாதீவில் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே (இன்றைய ஊர்காவற்றுறை) வர வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. இந்தக் கல்லையும் அல்லைப்பிட்டி ஓடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் தீவுகளின் கடல்வழியில் நடந்த வணிகம் முழுதாகப் புரியும்.

ஆனால் எங்கள் மணற்கும்பிகள் டிப்பரில் ஏறிப் போகின்றன. மணலோடு அதற்குள் கிடப்பதும் கட்டட வேலைக்குப் போய்விடுகிறது. மணற்கொள்ளையைப் பற்றிப் பேசுவோர் மணல் காக்கும் நன்னீரைப் பற்றிப் பேசுகிறார்கள், சரிதான். மண்ணுக்குள் இருக்கும் வரலாற்றைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஏனில்லை என்பதும் தெரிந்ததே. வடக்கில் தொல்லியல் திணைக்களத்தின் பெயர்ப்பலகையைக் கண்டால், காணி போகப் போகிறது என்றுதான் சனம் நினைக்கிறது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழர்கூட இருக்கவில்லை. பிறகு யார் வளவில் கிடைத்ததை வெளியே சொல்வார்கள்? ஓட்டுத் துண்டை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுக் குழியை மூடிவிடுவார்கள்.

இந்தப் பயத்துக்கு மருந்து, ஊர் மக்களே நடத்தும் தொல்லியற் சங்கம்தான் என்பது என் கருத்து. இது எங்களுக்குப் புதிதல்ல. ஜேம்ஸ் இரத்தினம் போன்றோர் முன்னின்று நடத்திய யாழ்ப்பாணத் தொல்லியற் கழகம் போருக்கு முன்னரே இருந்தது. மதுரையில் 2010இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை'யைப் பாருங்கள். அங்குள்ள யானைமலையைக் குடையும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்த காலத்தில் பிறந்தது. குடும்பத்தோடு மலைக்குப் போகிறார்கள், அறிஞர் சொல்லக் கேட்கிறார்கள், சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். கல்வெட்டு என்றால் என்னவென்று அறியாத பிள்ளைகளும் மலையை உரிமையோடு பார்க்கப் பழகுகிறார்கள்.

சங்கம் வைத்தால் புதையல் தோண்டுவோருக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதனால் சங்கத்தின் முதல் விதி தோண்டாதே என்பதாக இருக்கட்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி புதிதாகக் கண்டெடுக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. அனுமதியின்றி அகழ்வது குற்றம். எங்கள் வேலை கண்டதைக் கண்ட இடத்திலேயே படமெடுத்து, கைப்பேசியில் இடத்தைக் குறித்து, யாழ். பல்கலைக்கழகத்துக்கும் திணைக்களத்துக்கும் அறிவிப்பது. சரியான இடக்குறிப்பைப் பொதுவில் போடாமல் பதிவேட்டில் மட்டும் வைக்கலாம். இங்கிலாந்தில் 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுப்பதை இப்படித்தான் பதிகிறார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் பதிவாகிவிட்டன.

திணைக்களமும் இறங்கி வர வேண்டும். தமிழில் பேசும் அலுவலர் ஒருவர் சனசமூக நிலையத்துக்கு வந்து, பதிவு செய்வதால் காணி பறிபோகாது என்று எழுத்தில் தரட்டும். எங்கள் மண்ணில் கிடைத்தவற்றில் சிலவற்றை வேலணையிலேயே பிள்ளைகள் பார்க்க வைக்கட்டும். மணல் அகழ அனுமதி கேட்டால், அனுமதிக்கு முன் அந்த இடத்தை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கூட நடக்க ஊரில் ஆட்கள் இருக்கிறோம்.