புலிக் குகையில் கேமராவுக்கு என்ன வேலை?

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பூட்டான் போய்விட்டு வந்திருந்தால், அவர் காட்டும் படங்களில் ஒன்று நிச்சயம் இதுவாகத்தான் இருக்கும். செங்குத்தான பாறை. அதில் ஒட்டவைத்த மாதிரி வெள்ளைச் சுவர்கள், பொன்னிறக் கூரை. பாரோ தக்சங் மடாலயம். டூரிஸ்ட்டுகள் பாஷையில் டைகர்ஸ் நெஸ்ட்.

படம் முடிந்ததும் ஒரு புலம்பல் வரும்: ‘‘உள்ளே மட்டும் போட்டோ எடுக்க விடலை சார். அநியாயம்!’’

அநியாயமே இல்லை. நூற்றுக்கு நூறு நியாயம்.

அது என்ன இடம் என்று முதலில் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர் பெண்புலியின் முதுகில் பறந்துவந்து அங்குள்ள குகையில் தியானம் செய்தார் என்பது பூட்டானியர்களின் நம்பிக்கை. அங்கே 1692-ல் கோயில் எழுந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,120 மீட்டர். கீழே தெரியும் பாரோ பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர் உயரம். ரோடு கிடையாது. பாதி வழி வரை குதிரை கிடைக்கும். மீதி உங்கள் கால் பாடு. கடைசியில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவியைத் தாண்டி, மறுபடியும் ஏறவேண்டும். அந்த ஊர்ப் பாட்டிகள் ஏறுகிறார்கள். புண்ணியத்துக்காக, வியூ பாயின்ட்டுக்காக அல்ல.

வாசலில் பை, கேமரா, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். நம்மவருக்குக் கோபம் வருவது அங்கேதான்.

‘‘காசு கட்டியிருக்கோமே!’’ என்பது முதல் வாதம். கட்டியிருக்கிறீர்கள். 2022 முதல் இந்தியர்களிடம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். அது நாட்டுக்குள் தங்குவதற்கான கட்டணம். சாமியை வாங்குவதற்கான விலை அல்ல.

‘‘ஃபிளாஷ் போடமாட்டேனே!’’ என்பது அடுத்தது. பிரச்னை வெளிச்சம் மட்டும்தானா? உள்ளே இருப்பவை சின்னச் சின்ன அறைகள். ஒருவர் தரையில் விழுந்து கும்பிடுகிறார். அவருக்குப் பின்னால் நீங்கள் போனை உயர்த்தினால், அந்த நிமிஷத்தில் அது கோயில் இல்லை, செட். அவர் பக்தர் இல்லை, துணை நடிகர். அவரிடம் சம்மதம் கேட்டீர்களா?

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019 அக்டோபரில் நம் நாட்டு பைக் பயணி ஒருவர் தோச்சுலா கணவாயில் ஸ்தூபியின் மேல் ஏறி நின்று போஸ் கொடுத்தார். 2003-ல் நடந்த சண்டையில் உயிரிழந்த பூட்டான் வீரர்களின் நினைவாக 108 ஸ்தூபிகள் எழுப்பப்பட்ட இடம் அது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. லென்ஸுக்குள் எல்லாமே பேக்கிரவுண்டாகிவிடுகிறது. நினைவுச்சின்னமும் ஸ்டூல்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. 1998 ஏப்ரல் 19 அன்று தக்சங்கின் பிரதானக் கட்டடம் தீயில் அழிந்தது. 2005-ல்தான் புதுப்பித்து முடித்தார்கள். ‘‘நாளைக்கே மறுபடி எரிந்தால்? படமாவது மிஞ்சுமே!’’ ஒப்புக்கொள்கிறேன், ஆவணம் அவசியம். ஆனால், அது அனுமதி வாங்கி, ஒவ்வொரு சுவராக, விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் செய்யும் வேலை. முன்னால் நிற்பவரின் காது பாதி மறைக்க, நீங்கள் அவசரமாகச் சுட்ட படம் எந்தச் சுவரை மீட்டுக் கொடுக்கும், சொல்லுங்கள்?

கடைசியாக ஒரு கேள்வி: ‘‘எங்கம்மாவால மலை ஏற முடியாது. அவங்க எப்படிப் பார்க்கறது?’’

வெளியே நின்று ஆசைதீர எடுங்கள். பாறை, மேகம், காற்றில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள்... எதற்கும் தடையில்லை. உள்ளே கண்டதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். எங்கே மூச்சு வாங்கியது, விளக்கு எப்படி எரிந்தது, யார் அழுதார்கள் என்று சொல்லுங்கள்.

போட்டோ என்றால் அம்மா விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கதை என்றால், ‘‘அப்புறம்?’’ என்பார்.

அந்த ‘அப்புறம்’ எந்த போன் மெமரியிலும் கிடைக்காது!