ரோமாபுரியில் எங்கே சாப்பிடுவது?

ரோமாபுரிக்கு யாத்திரை புறப்படும் நம்மவர்கள் கொலோஸியத்தைப் பற்றிப் பத்துப் புத்தகங்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. அதன் பலனாக, மூன்றாம் நாளே பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலையும் பருப்புப் பொடியையும் தேடும்படி ஆகிறது. திரும்பி வந்ததும், "ரொட்டியைத் தவிர அங்கே வேறென்ன இருக்கிறது, ஸார்?" என்று நம்மிடம் முறையிடுகிறார்கள். இது அந்த நகரத்துக்குச் செய்யும் பெரிய அநியாயம். கீரையையும் காய்கறியையும் மதித்துச் சமைக்கத் தெரிந்த ஊர்களில் ரோமாபுரியும் ஒன்று என்பது நமது திடமான அபிப்பிராயம். பள்ளிக்கூட விடுமுறையில் குடும்ப சமேதராய்ப் பத்து நாள் அங்கே தங்கி, மாமிசம் தொடாமல், ஒரு வேளையும் பட்டினி கிடக்காமல் திரும்பியிருக்கிறோம்.

கொலோஸியம், டிரேவி நீரூற்று, நவோனா சதுக்கம், வாடிகன் வாசல் ஆகியவற்றைக் கண் குளிரப் பாருங்கள். ஆனால் அவற்றின் எதிரே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். அங்குள்ள விடுதிகள் எல்லாம் மோசம் என்று நாம் சொல்லவில்லை. இன்று வந்த பிரயாணி நாளைக்கு வரப்போவதில்லை. நாளைக்கு வேறொருவர் வருவார். இப்படிப்பட்ட இடத்தில் சமையற்காரனுக்கு நல்ல பெயரைப் பற்றிக் கவலை எதற்கு? 2019-ஆம் வருஷத்தில், வாடிகனுக்குச் சமீபத்திலுள்ள ஒரு விடுதியில் இரண்டு ஜப்பானியப் பிரயாணிகள் மீனோடு சேர்ந்த இரண்டு தட்டு ஸ்பகெட்டியும் தண்ணீரும் வாங்கியதற்கு வந்த பில் ஏறக்குறைய 430 யூரோ! அதில் 80 யூரோ பரிமாறியதற்கு இனாமாம். பத்திரிகைகளெல்லாம் அந்தப் பில்லைப் படம் பிடித்துப் போட்டன.

இத்தகைய இடங்களை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பதார்த்தங்களின் வர்ணப் படங்கள் பலகையில் ஒட்டியிருக்கும். ஒருவர் வெளியில் நின்று, "வாருங்கள், வாருங்கள்" என்று ஐந்து பாஷையில் அழைப்பார். மாலை ஆறு மணிக்கே இராச் சாப்பாடு தயாராக இருக்கும். ரோமாபுரி வாசிகள் இரவு எட்டு மணிக்கு முன் இலை போடுவது அபூர்வம். ஆறு மணிக்குச் சாப்பிடுகிறவர் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் எங்கே போவது? பழைய நாளில் அந்த நகரத்து எளிய ஜனங்கள் எங்கே வாழ்ந்தார்களோ அங்கே போக வேண்டும். அரண்மனைச் சமையல் அரண்மனையோடு மறைந்தது. ஏழையின் அடுப்பில் பிறந்தது இன்றைக்கும் ஜீவனோடு இருக்கிறது.

டைபர் நதிக் கரையிலுள்ள யூதர் சேரிக்குப் போங்கள். 1555-ல் நான்காம் பால் என்னும் போப்பாண்டவர் யூதர்களை நான்கு சுவருக்குள் அடைத்தார். இரவானால் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். பகலில் பழந்துணி வியாபாரம் போன்ற சில தொழில்களுக்குத்தான் அநுமதி. அந்தச் சிறைவாசம் 1870-ல்தான் சட்டபூர்வமாக முடிந்தது. நெருக்கடியிலும் வறுமையிலும் கிடைத்ததைக் கொண்டு சமைத்த அந்தப் பெண்மணிகளின் கைவண்ணந்தான் 'கார்ச்சோஃபி அல்லா ஜூதியா', அதாவது 'யூதர் முறை ஆர்ட்டிசோக்'. ஆர்ட்டிசோக் என்பது ஒருவகை முட்செடியின் மொட்டு. பார்வைக்குப் பெரிய தாமரை மொட்டைப் போலிருக்கும். வெளி இதழ்களைச் சீவி, ஆலிவ் எண்ணெயில் ஒரு முறை பக்குவமாக வேகவைத்து, இதழ்களை விரித்து, மறுபடியும் நன்றாய்க் காய்ந்த எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். அது சாமந்திப் பூவைப்போல் மலர்ந்து தட்டில் வந்து உட்காரும். இதழ்கள் அப்பளம்போல் நொறுங்கும், அடிப்பாகமோ வெண்ணெய்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதற்குப் பருவம். மற்ற மாதங்களில் கிடைப்பது அவ்வளவு சிலாக்கியமல்ல.

2018-ல் இதற்கும் ஒரு ஆசார விவகாரம் வந்து சேர்ந்தது. மொட்டுக்குள் பூச்சி ஒளிந்திருக்கக் கூடுமாதலால் இது மத விதிக்கு ஒவ்வாது என்று இஸ்ரேல் தேசத்து மதத் தலைமை தீர்ப்புச் சொல்லிற்று. ரோமாபுரி யூதர்கள், "எங்கள் பாட்டிமாருக்குச் சுத்தம் பண்ணத் தெரியும்" என்கிற பாவனையில் பொரித்துக்கொண்டே இருந்துவிட்டார்கள்! பாட்டிமார் கட்சியில்தான் நாமும் சேருகிறோம்.

அந்தத் தெருவில் சாப்பிட்டு எழுந்ததும் சற்றுக் குனிந்து நடக்க வேண்டும். சில வீட்டு வாசல்களில் சிறு பித்தளைக் கற்கள் பதித்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 1943 அக்டோபர் 16-ந்தேதி விடியற்காலையில் ஜெர்மன் நாஜிப் படையினர் இங்கே வந்து வீடு வீடாய்ப் புகுந்தார்கள். பிடித்தவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் பதினாறு பேர். நம் குழந்தைகளுக்கு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினோம். அதுவரை இனிப்பு கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்த இளையவன் பிறகு கேட்கவில்லை.

மற்றோர் இடம் டெஸ்டாச்சோ. 1891 முதல் 1975 வரை நகரத்தின் கசாப்புச்சாலை இங்கேதான் இருந்தது. நல்ல மாமிசத்தைப் பணக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய வால், குடல் முதலியவற்றைக் கூலியின் ஒரு பகுதியாகத் தொழிலாளிக்குக் கொடுப்பார்களாம். அதை ருசியாகச் சமைத்துக்கொண்டதே இன்று பெயர் பெற்ற ரோமாபுரிச் சமையல். மாமிசம் உண்ணும் நேயர்கள் மாட்டு வாலைச் செலரித் தண்டோடு வேகவைத்ததைத் தேடி இங்கே செல்லலாம். நம்மைப் போன்றவர்களுக்கு எதிரிலிருக்கும் அங்காடி போதும். காலை வேளையில் கறிகாய்க்காரிகளின் கூச்சலும், சுடச்சுட ரொட்டியும், பாற்கட்டியும், சதுரமாய் வெட்டி எடைக்கு நிறுத்துத் தரும் பிட்ஸாவும் உண்டு. நூறு கிராமுக்கு விலை எழுதியிருப்பார்கள். முழுத் துண்டின் விலை என்று எண்ணிவிட வேண்டாம்.

இப்போது நமக்கு மிகவும் நெருங்கிய பதார்த்தத்துக்கு வருவோம். 'காச்சோ எ பெப்பே' என்றால் பாற்கட்டியும் மிளகும் என்று அர்த்தம். வெந்த பாஸ்தா, செம்மறியாட்டுப் பாற்கட்டித் துருவல், அப்போது இடித்த மிளகு, பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி: இவ்வளவுதான். வெண்ணெய் இல்லை, பாலேடு இல்லை. கஞ்சித்தன்மையுள்ள அந்த நீரே பாற்கட்டியைக் குழம்பாக்குகிறது. இதை உண்ணும்போது நமக்கு முசிறித் துறைமுகம் ஞாபகம் வந்தது. அகநானூற்றிலே யவனர் மரக்கலமும் சேரநாட்டு மிளகும் பேசப்படுகின்றன அல்லவா? அந்த மிளகு இறங்கிய களஞ்சியத்தை டொமிஷியன் சக்கரவர்த்தி ரோமாபுரியின் நடுவே கட்டினார். அதன் அடித்தளம் மாக்ஸென்ஷியஸ் மண்டபத்தின் கீழே இன்னும் கிடக்கிறது. நம் நாட்டுச் சரக்குக்காகத் தங்கள் பொன் வெளியே போகிறதென்று பிளினி என்ற பண்டிதர் புலம்பியிருக்கிறார். 408-ல் நகரத்தை முற்றுகையிட்ட அலாரிக் என்பவன், முற்றுகையை நீக்குவதற்கு 5,000 ராத்தல் பொன்னோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டானாம். இவ்வளவு சரித்திரம் ஒரு தட்டில் இருக்கிறது!

ஆனால் நியமம் தவறாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெக்கொரினோ என்னும் அந்தப் பாற்கட்டிக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைத்தான் சேர்க்கிறார்கள். அதைக் கூடாதென்று நினைப்பவர்கள் பூண்டும் எண்ணெயும் கலந்த பாஸ்தாவையோ, மிளகாய்க் காரமுள்ள தக்காளிப் பாஸ்தாவையோ கேட்கலாம்; மேலே பாற்கட்டி தூவ வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பூசணிப்பூ பஜ்ஜியைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். உள்ளே நெத்திலி மீன் வைத்திருப்பார்கள். 'புந்தரெல்லே' என்ற அருமையான குளிர்காலக் கீரையிலும் அதே மீன்தான். "ஸென்ட்ஸா கார்னே, ஸென்ட்ஸா பெஷ்ஷே" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். நம் வீட்டு அம்மாள் இரண்டே நாளில் இதை நம்மைவிட நன்றாக உச்சரித்தாள்.

காப்பியை நின்றுகொண்டு குடிப்பதே அவ்வூர் வழக்கம். நின்றால் ஒரு யூரோவுக்குச் சற்று மேல். சதுக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அதுபோல் பல மடங்கு ஆகும். விலைப் பட்டியல் சுவரிலேயே இருக்கிறது. தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். 1874 முதல் தெருத் தெருவாக வைத்த இரும்புக் குழாய்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. குளிர்ந்த நல்ல தண்ணீர் இராப்பகலாய் ஓடுகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துவாரத்தின் வழியாக நீர் பீறிடும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒரு தெருவைத் தாண்ட அரைமணி ஆகும்.

சாப்பிட்டு முடிந்தபின் பில்லுக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். விருந்தாளியை எழுப்புவது மரியாதையல்ல என்பது அவர்கள் எண்ணம். "இல் கோன்ட்டோ" என்று கேட்டால்தான் வரும்.