குதிரைக்குத் திடல் உண்டு, குழந்தைக்கு?

நுவரெலியாவின் பந்தயத் திடலைக் காணாத மலையகத் தமிழர் அரியர். 1875ஆம் ஆண்டிலே வெள்ளைத் துரைமார் தம் குதிரைகள் ஓடுவதற்கென அமைத்த திடல் அது. 1889இல் அதே நகரில் கொல்ஃப் கழகம் எழுந்தது. சிறு பந்தைக் கோலால் தட்டி விளையாடப் பசும்புல் வெளி ஒதுக்கப்பட்டது. டிம்புளையிலும் டிக்கோயாவிலும் கழகங்கள் தோன்றின. கிரிக்கெட் திடல்கள் தோன்றின. அலுவல் முடிந்த துரைக்கு உடலசைவு வேண்டும் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. இன்றும் ஏப்ரல் வந்தால் அங்கே குதிரைகள் ஓடுகின்றன. நாமும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிச் சென்று வேடிக்கை பார்த்து வருகிறோம்.

பார்த்துவிட்டு எங்கே திரும்புகிறோம்? லயத்துக்கு. லயத்தின் முன்னே ஒடுங்கிய வாசல். வாசலின் விளிம்பிலே கான். கானுக்கு அப்பால் தேயிலை. பிள்ளை உதைத்த பந்து தேயிலைக்குள் விழுந்தால் ஏச்சு. கானில் விழுந்தால் நாற்றம். குதிரைக்கு ஓட இடம் கண்ட மலையிலே கொழுந்தெடுக்கும் தாயின் குழந்தைக்கு ஓட இடமில்லை என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

"மலையேறி இறங்கிப் பள்ளிக்குப் போகிறார்களே, அது போதாதா?" என்று கேட்கும் கனவான்களை நாம் அறிவோம். மேட்டில் விரைந்து ஏறுவது நல்லதே, நாம் மறுக்கவில்லை. ஆயின் எல்லாப் பிள்ளைகளுமா இன்று நடக்கிறார்கள்? பாதை போட்ட இடமெங்கும் முச்சக்கர வண்டி வந்துவிட்டது. பள்ளி விட்டால் பிரத்தியேக வகுப்பு. அது விட்டால் கைத்தொலைபேசி. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் உரமாக்கும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துரைத்தது. உலகெங்கும் 11 முதல் 17 வயதுடையோரில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என 2016ஆம் ஆண்டுக் கணக்குக் காட்டிற்று. அந்தப் பெருங்கூட்டத்துக்கு வெளியே நம் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எண்ணுவது வீண் பெருமை. லீக்ஸ் மூட்டையைச் சுமக்கும் சிறுவனைக் காட்டி, "இவனுக்கு என்ன பயிற்சி குறைவு?" என்பாரும் உளர். சுமை வேறு, ஆட்டம் வேறு. வளரும் முதுகின்மேல் மூட்டையை ஏற்றிவிட்டு அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் சூட்டுவது கொடுமை.

மற்றொரு வாதம் கனமானது. அதை எளிதில் தள்ளிவிட மாட்டோம். "பசித்த பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு? முதலில் சோறு போடுங்கள்" என்பது அவ்வாதம். 2016ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளையை ஓடு என்று விரட்டச் சொல்பவர்கள் நாமல்லர். ஆனால் முட்டையும் பருப்பும் கேட்கும்போது "நிதியில்லை" என்றும், திடல் கேட்கும்போது "முதலில் உணவல்லவா வேண்டும்" என்றும் சொல்லி இரண்டையும் மறுப்போரின் சாதுரியத்தை எத்தனை காலம் பொறுப்பது? உண்ட உணவு உடலில் உரமாக ஏற, உடல் இயங்க வேண்டும். தவறணையில் நிழலிலே வளர்ந்த கன்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்காமல் மலையில் நட்டால் என்னாகும் என்பதை நம் விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டுமா? (யாழ்ப்பாணத்து வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா, மலையகத்திலே தவறணை என்பது நாற்றுமேடை.) அக்கன்றுக்கு உரமும் வேண்டும், வெயிலும் வேண்டும்.

இனி, குற்றத்தை அரசின் தலையிலும் கம்பனிகளின் தலையிலும் மட்டுமே சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடம். நேரசூசியில் அது அச்சாகத்தான் இருக்கிறது. நடப்பதென்ன? பரீட்சை நெருங்கினால் கணிதத்துக்குக் கடன். மழை பெய்தால் விஞ்ஞானத்துக்குக் கடன். திருப்பிக் கொடுக்கப்பட்ட கடன் ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. ஆசிரியரை மட்டும் நோவது நியாயமன்று. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை நாற்காலியோடு கட்டிப்போடச் சொல்பவர்கள் பெற்றோராகிய நாமே. பெண் பிள்ளையின் கதை இன்னும் துயரமானது. பூப்பெய்திய மறுநாள் முதல் அவளுக்கு ஆட்டமில்லை, ஓட்டமில்லை. எலும்பு உரம் பெறும் பருவத்திலே அவளை மூலையில் உட்காரவைத்து, பின்னாளில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுதும் மலையில் நில் என்கிறோம்.

முத்தையா முரளிதரனைச் சொல்லி மார்தட்டாத தமிழன் இல்லை. அவர்தம் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் 2010இல் காலியிலே 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவருக்குத் திடல் இருந்தது; பயிற்றுவிக்க ஆளிருந்தது. அத்தகைய திடலை மிதிக்காமலே முதிர்ந்துபோன தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? எல்லோரும் வீரராக வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நோயின்றி நாற்பதைக் கடக்கட்டும் என்றே கேட்கிறோம். சர்க்கரை வியாதி கண்டபின் வைத்தியர் சொல்லக் கேட்டுக் கிரகரி வாவிக் கரையில் நடக்கும் நம் வழக்கறிஞர்களும் அதிபர்களும் இதை உணர்வார்கள்.

பொருட்செலவைக் காட்டி எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கிளித்தட்டுக்குத் தரையில் கோடு போதும். சடுகுடுவுக்கு அதுவும் வேண்டா, மூச்சு போதும். மாசியிலே காமன் கூத்தில் இரவெல்லாம் ஆடும் கால்களை வளர்த்த சமூகம் இது. மழைக்காலத்துக்குப் பாழடைந்து கிடக்கும் பழைய ஸ்டோரைத் திறந்துவிடட்டும்; மாலையில் பிரட்டுக்களத்தைப் பிள்ளைகளுக்கு விடட்டும். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டிப் புதுக் கிராமம் என்று நாடா வெட்டுகிறார்களே, அந்த வரைபடத்தில் விளையாட்டுத் திடல் எங்கே என்று கேட்ட தொழிற்சங்கத் தலைவர் யார்? தேர்தலுக்கு முன் கரப்பந்தும் சட்டையும் பங்கிட ஓடி வருவோர், அப்பந்தை எங்கே அடிப்பது என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திலே புள்ளி அறிக்கையைப் புரட்டுவதற்கு முன் அதிபரிடம் ஒன்று கேளுங்கள்: சென்ற வாரம் உடற்கல்விப் பாடவேளை நடந்ததா, இல்லையா? இல்லையென்றால், எந்தப் பாடத்துக்குக் கொடுத்தீர்கள், என்று திருப்பித் தருவீர்கள்?