வாங்கியவனுக்குத் திறக்கும் உரிமை இல்லையா?

ஒருவன் தன் பணத்திற் கட்டிய வீட்டின் அறைக்கதவைத் திறப்பதற்கு, அதைக் கட்டிய மேசனிடம் அனுமதி பெறவேண்டும் என்று எவரேனும் கூறின், அவரை நாம் பித்தரென்று ஒதுக்கிவிடுவோம். ஆயின், மடிக்கணினி என்னும் பொருள் தொடர்பாக அத்தகைய பித்துக்கொள்ளிச் சட்டத்தை நம்மவர் எதிர்வார்த்தை பேசாது ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். இலட்சக்கணக்கில் ரூபா கொடுத்து வாங்கிய பொருள். அதன் அடிமூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்கிறான் விற்றவன். பற்றரியை மாற்றமுடியாது, முழுவதையும் மாற்று என்கிறான் செய்தவன். வாங்கியவனோ தலையை ஆட்டிவிட்டுக் கடன் கேட்க அலைகிறான். இந்த அடிமைப்புத்தி எங்கிருந்து வந்தது?

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அமிர்தகழியை எடுத்துக்கொள்வோம். மாமாங்கேசுவரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தால் ஈழமெங்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே ஆசிரியர் வீட்டிலும் எழுதுவினைஞர் வீட்டிலும், படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் கமக்காரர் வீட்டிலுங்கூட, இன்று ஒரு மடிக்கணினி இருக்கக் காண்கிறோம். 2020 மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது, நகையை அடகு வைத்து இதனை வாங்கியவர் பலர். ஒரு கருவியை வைத்தே பிள்ளை உயர்தரம் படிக்கிறது. தாய் பாடக்குறிப்பு எழுதுகிறார். தந்தை கணக்குப் பார்க்கிறார். அந்த ஒன்று கெட்டுவிட்டால் மூவர் வேலையும் நின்றுபோகும்.

கெடாமலும் இராது. வாவிக்காற்று ஈரத்தோடு உப்பையும் சுமந்து வருவது. செம்பிலே பச்சைக் களிம்பு பிடிப்பதை நம் பெண்கள் குத்துவிளக்கிற் காண்பர். அதே களிம்புதான் மடிக்கணினியின் உள்ளிருக்கும் செப்பு முனைகளிலும் படர்கிறது. விசிறியிலே புழுதி அடைகிறது. அடைந்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் மிகுந்தால் பொறி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, ஈற்றில் தானே அணைந்துவிடுகிறது. "கணினி பழசாகிவிட்டது" என்று உரியவர் முடிவுகட்டி விடுகிறார். பழசாகியது கணினியன்று, அடைபட்டது விசிறி. ஒரு தூரிகையும், பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதியதைச் சிறிது பூசும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துபோகும் காரியம்.

உள்ளே இருப்பதும் மாயவித்தை அன்று. அடிமூடியைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு திருகாணிகள். அவை எல்லாம் ஒரே நீளமல்ல. குட்டை ஆணி இருந்த துளையிலே நெட்டை ஆணியை முறுக்கினால் அது பலகையைக் குத்திக் கெடுத்துவிடும். ஆகையால் ஒரு தாளிலே கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஆணியை அதற்குரிய இடத்திலேயே குத்திவைப்பது தேர்ந்தவர் வழக்கம். மூடியின் ஓரத்தை இரும்பால் நெம்பலாகாது. பழைய பிளாத்திக்கு அட்டை ஒன்று போதும். திறந்தவுடன் செய்யவேண்டிய முதற்காரியம், பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. அதற்கு முன் உள்ளே எதனையும் தொடக்கூடாது. உடலில் தேங்கும் நிலைமின்னும் நுண்ணிய சில்லுகளைக் கொல்லவல்லது. வெறும் உலோகமொன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். இவ்வளவும் அறிந்தபின், நினைவகத்தை மாற்றுவது பழைய வானொலிக்குப் பற்றரி போடுவதிலும் பெரிய வித்தையன்று. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் பழைய வன்தட்டை அகற்றி, சுழலும் உறுப்பே இல்லாத திண்மநிலைத் தட்டைப் பொருத்தினால், எறிவதற்கு வைத்த கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

ஆபத்தே இல்லையா என்று கேட்பர். உண்டு, அதனை மறைப்பது நம் நோக்கமன்று. உப்பிப்போன இலித்தியம் பற்றரியைக் குத்தவோ வளைக்கவோ நெம்பவோ கூடாது. அது தீப்பற்றும், அத்தீயை அணைப்பதும் எளிதன்று. அதனைக் கண்டவுடன் கணினியை அணைத்து, கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. சுவர்மின்னோடு தொடுக்கப்படும் சார்ஜரின் பெட்டியையும் வீட்டிலே உடைக்கவேண்டாம். பலகையிற் பற்றாசு வைத்து ஒட்டும் வேலையும் பழகியவர்க்கே உரியது. எனினும், அடுப்பிலே தீ இருக்கிறது என்பதற்காகச் சமைப்பதை எவரும் விட்டுவிடவில்லை.

நாம் அறிந்த வீடொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். திரை இருண்டுபோன மடிக்கணினியைக் கடையொன்றுக்குக் கொண்டுசென்றனர். திரை முழுவதும் போய்விட்டது, மாற்றும் செலவுக்குப் புதியதே வாங்கலாம் என்று விடை வந்தது. வீட்டிலே உயர்தரம் படிக்கும் மகள் விடவில்லை. அக்கணினியைச் செய்த நிறுவனமே வெளியிட்ட பராமரிப்புக் கைந்நூலைத் தேடியெடுத்து, அதிற் கண்ட முறைப்படி ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிப் பார்த்தாள். பிணைச்சலின் அருகே திரைக்குச் செல்லும் நாடாவடம் தன் பொருத்திலிருந்து தளர்ந்திருந்தது. மீண்டும் அழுத்திப் பொருத்தினாள், திரை ஒளிர்ந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. கடைக்காரரைக் கள்வர் என்று நாம் சொல்லமாட்டோம். உதிரிப்பாகம் கிடையாமலும் வரைபடம் கிடையாமலும் அவரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தொழில் செய்கிறார். அவருக்கு எளிதாகக் கிடைப்பது புதிய கணினி மட்டுமே. ஆகவே அதையே விற்கிறார்.

குற்றம் அதற்கும் மேலே இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியொன்றின் பற்றரியை, ஐந்திதழ்ப் பூப்போன்ற தலைகொண்ட புதுவகைத் திருகாணியாற் பூட்டியது. எந்த வீட்டிலும் இல்லாத திருப்புளி ஒன்று அதற்கு வேண்டியிருந்தது. 2012இல் அதே நிறுவனம் பற்றரியைப் பசையால் ஒட்டி, நினைவகத்தைப் பலகையோடு பற்றாசு வைத்து இறுக்கிய மடிக்கணினியை வெளியிட்டது. ஏனைய நிறுவனங்களும் தத்தம் மெலிந்த கணினிகளில் அவ்வழியே சென்றன. மெலிவுக்காக, பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்படுகிறது. மெலிந்த கணினியைத் திறக்கத்தக்கதாகச் செய்யமுடியாது என்பது உண்மையாயின், பிரேம்வேர்க் என்னும் நிறுவனம் 2021 முதல் வீட்டிலேயே கழற்றி மாற்றத்தக்க மெலிந்த மடிக்கணினிகளை விற்றுவருவது எவ்வாறு? டெல், எச்பி, லெனோவோ ஆகியவை தம் கணினிகள் பலவற்றுக்குப் பராமரிப்புக் கைந்நூலை எவரும் இலவசமாகப் பெறும்படி வைத்திருக்கின்றனவே, அதனால் அவை நட்டப்பட்டுப் போயினவா? மனமிருந்தால் வழியுண்டு. மனமில்லாமைக்கு மெலிவு என்று பெயர்சூட்டியிருக்கின்றனர்.

இது கறுத்தக் கோட்டுக்காரரும் கணக்காளரும் பட வேண்டிய கவலை, நமக்கென்ன என்று கமக்காரர் இப்பக்கத்தைப் புரட்டிவிடவேண்டாம். அவருக்குத்தான் இதிற் பெரிய பங்கு இருக்கிறது. படுவான்கரை வட்டைகளில் லான்ட்மாஸ்டர் நின்றுபோனால், வரம்பிலே சாக்கை விரித்து, அங்கேயே கழற்றி, அங்கேயே பூட்டி, பொழுதுசாயுமுன் உழுதுமுடிக்கும் கைகள் நம்முடையவை. அமெரிக்க உழவன் அந்த உரிமையை இழந்துபோனான். ஜோன் டியர் நிறுவனத்தின் உழவு இயந்திரங்களிற் கணினி புகுந்தபின், பழுதை அறியும் மென்பொருள் முகவரிடமே இருந்தது. அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றால், பாகத்தைத் தன் கையால் மாற்றினாலுங்கூட, முகவர் வந்து மென்பொருளால் "ஆம்" என்று சொல்லும்வரை காத்திருக்கும் நிலை வந்தது. பூட்டை உடைக்கும் மென்பொருளைக் கள்ளச்சந்தையில் அவர்கள் தேடியலைந்த கதையும் உண்டு. ஈற்றிலே உழவர் திரண்டனர். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. அது 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 சனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அதே கணினிப் பூட்டோடு உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நம் வயலுக்கு வந்தபின் அழுவதா, வருமுன் சட்டம் கேட்பதா?

திருத்திப் பிழைப்பது நமக்குப் புதிதன்று. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்திற் பொருளாதாரத் தடை இறுக்கியபோது, சில துளி பெற்றோலாற் பொறியை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார்வண்டி ஓட்டினர்; பற்றரி வரத்து நின்றபோது மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எந்தத் தொழிற்சாலையின் கைந்நூலிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அண்மைக் காலத்தை எடுத்தாலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025வரை, இருந்த வண்டிகளைத் திருத்தித் திருத்தியே முழு இலங்கையும் ஓடியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 500 டொலர்க் கணினி, ஓர் ஆணியும் கூடாமல், ஒரு இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்து எண்பதினாயிரமாகியது. டொலர் இல்லாத நாட்டிலே, திருத்தக்கூடிய கணினியை எறியச்செய்வது நாட்டின் கையிருப்பையே வாவியிற் கொட்டுவதாகும். கொட்டப்படும் குப்பையும் சாதாரணமானதன்று. 2022இல் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன். அதிற் கணக்குவைத்துச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதோ நூற்றுக்கு 22.3 பங்குதான்.

ஏனைய நாடுகள் உறங்கவில்லை. பிரான்சிலே 2021 சனவரி முதல், மடிக்கணினி விற்போர் அதனைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டுக் காட்டவேண்டும் என்று விதித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2024 யூனில் திருத்தும் உரிமைக்கான பணிப்புரையை நிறைவேற்றியது. கைக்கருவிகளின் பற்றரியை உரியவரே கழற்றி மாற்றத்தக்கதாக 2027 பெப்ரவரி முதல் அமைக்கவேண்டும் என்றும் அங்கு விதி செய்யப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 2022 யூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் திணைக்களம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. நம் நாட்டில்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றால் முறையிட வழிசெய்தது. நல்லது. ஆனால் உதிரிப்பாகம் இத்தனை ஆண்டுக்குக் கிடைக்கவேண்டும், கைந்நூல் கொடுக்கவேண்டும், மூடியைத் திறந்த ஒரே காரணத்தால் உத்தரவாதத்தை மறுக்கலாகாது என்ற கடமைகளை வணிகர்மீது அது சுமத்தவில்லை. அவற்றை அச்சட்டத்திற் சேர்க்கும்படி கேட்க, மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வாய் இல்லையா? தேர்தற் காலத்தில் அது நன்றாகவே வேலைசெய்யக் கண்டிருக்கிறோம்.

இன்னுமொன்று. கைந்நூல் கிடைத்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அமிர்தகழிக்கு அப்பால், அதே வாவிக்கரையிலே கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், யாழ் நூலுக்கு ஆசிரியர் மட்டுமல்லர், விஞ்ஞானம் கற்பித்தவர், 1930களிற் சென்னையிலே தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமைதாங்கி உழைத்தவர். அந்த மண்ணிலே, மடிக்கணினி திறப்பதற்குத் தமிழில் ஒரு நாற்பது பக்கக் கைந்நூல் எழுத ஆளில்லை என்றால் நம்பமுடியுமா? சொல்லுக்குப் பஞ்சமில்லை: திருகாணி, திருப்புளி, பிணைச்சல், களிம்பு, பற்றாசு எல்லாம் நம் பட்டறைகளில் வழங்குபவை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்புத் தொழினுட்பக் கல்லூரியும் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒன்றுகூடினாற் போதும். படங்களோடு அச்சிட்டு, ஊர் நூலகந்தோறும் ஒரு பிரதி வைக்கலாம். அதனோடு ஒரு தொகுதித் திருப்புளியையும் இரவல் கொடுத்தால் இன்னும் நன்று.

சட்டம் வருவதற்கு நாளாகும். பணம் நம் கையில் இன்றைக்கே இருக்கிறது. அடுத்தமுறை மடிக்கணினி வாங்கச் செல்லும் வாசகர், நிறத்தையும் மெலிவையும் பார்க்குமுன் விற்பவரிடம் கேட்கவேண்டியவை சிலவே. நினைவகம் கழற்றி மாற்றத்தக்கதா, பலகையோடு ஒட்டியதா? பற்றரி ஆணியாற் பூட்டியதா, பசையால் ஒட்டியதா? பராமரிப்புக் கைந்நூல் உண்டா? விசைப்பலகையும் பற்றரியும் ஐந்தாண்டு கழித்துத் தனியாகக் கிடைக்குமா? தெரியாது என்று அவர் சொன்னால் அடுத்த கடைக்குச் செல்க. தெரியும் என்று சொன்னால், அந்த விடையைப் பற்றுச்சீட்டின் பின்புறத்திலே எழுதிக் கையொப்பம் வைத்து வாங்கிக்கொள்க.