கிட்டாருக்குப் பின்னால் ஒரு பியானோ

ராக் அண்ட் ரோல் பிடிக்கும் என்றால் சக் பெர்ரியின் சுயசரிதையைப் (1987) படிக்காமல் இருக்காதீர்கள். வேறு ஆளை வைத்து எழுதாமல் தானே எழுதியது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். தன் கதையைத் தானே சொல்கிறவர் விளக்கைத் தன் முகத்துக்குத்தான் பிடிப்பார்.

1952 டிசம்பர் 31 இரவு, குழுவில் ஆள் குறைந்ததால் பெர்ரியைக் கூப்பிட்டவர் பியானோ கலைஞர் ஜானி ஜான்சன். 'ஜானி பி. குட்' பி ஃபிளாட்டில் இருக்கிறது. கிட்டார்காரர் விரும்பிப் போகிற சுருதியா அது? பியானோவுக்கு வாகானது. பாடல்களில் தனக்கும் பங்குண்டு என்று 2000-இல் ஜான்சன் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டதென 2002-இல் தள்ளுபடி. அவர் தரப்பை அறிய டிராவிஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய புத்தகம் (1999) இருக்கிறது.

நம்ம கதைக்கு வருவோம். துபாயில் அப்பாவின் காரில் 'இளைய நிலா' எத்தனை முறை ஓடியிருக்கும்! கேசட் அட்டையில் ராஜா பெயர் இருந்தது, எஸ்பிபி பெயர் இருந்தது. அந்தக் கிட்டாரை வாசித்த ஆர். சந்திரசேகர்? வேலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயரே எனக்குத் தெரியும்.

நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போனால், தமிழ்க் கடைகளில் அவரைப் பற்றிப் புத்தகம் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடையிலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தானே அச்சடிப்பார்கள்?