நொய்யலுக்குப் பெயர் வைத்தது யார்?

வெள்ளைக்காரப் பயணிகள் வந்து எழுதியிராவிட்டால் நம் ஆறுகளுக்குப் பெயரே நிலைத்திருக்காது என்ற வாதம் அபத்தம். 1800இல் கொங்குச் சீமையைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் ஊரார் சொன்ன பெயர்களைக் கேட்டுத்தான் எழுதினார். அதற்கு முன்பே கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தில் நொய்யல், காஞ்சிமாநதியாக ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1830இல் சார்லஸ் ஸ்டர்ட் ஓர் ஆற்றுக்கு மர்ரே என்று லண்டன் மந்திரி பெயரைச் சூட்டினாரே, அங்கேயும் கரையோரப் பூர்வகுடிகள் அதைப் பெயரில்லாமலா அழைத்தார்கள்?

சாமளாபுரத்துக் குளத்துக்கு வந்து பாருங்கள். வெள்ளம் வரும்போது வாய்க்கால் வழியே நொய்யல் ஆற்றுநீரைக் குளத்தில் சேர்த்து, மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சிய ஊர் இது. தினமும் புழங்கிய ஆற்றுக்குப் பெயர் சொல்ல வெளியூர்க்காரர் எதற்கு? அந்த ஆற்றில்தான் பிறகு சாயக்கழிவு ஓடியது. 2011இல் உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கறை இருந்தால் அதைப் பற்றி எழுதுங்கள்.